சிவப்புத் தாள் உரிந்த பெயர்

அன்று மழை பெய்ததா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. சியூ கிம் சொன்னபோதெல்லாம் கோயில் கூரையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கெங் நியோ சொன்னபோது வெயில் முற்றத்துக் கல்லைப் பிளந்தது. நான் அந்த முற்றத்தில் பிறந்து வளர்ந்தவன். இருவர் வாயாலும் கேட்டுக் கேட்டு, கேட்டது எது, நானாகச் சேர்த்துக்கொண்டது எது என்று பிரித்தெடுக்க முடியாதபடி ஆகிவிட்டது. ஆனால் அந்த முன்னோர் பலகையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதில் உள்ள பெயர்களில் ஒன்று மற்றவற்றைவிடக் கறுப்பு. அதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

ஜப்பான்காரன் குண்டு போட்டுப் பினாங்குக்குள் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அந்த வருடம் கல்லறை கூட்டும் பண்டிகைக்கு யாரும் மலைக்குப் போகவில்லை. முன்னோர்களுக்கு வைக்க வேண்டியதை எல்லாரும் குலக்கோயிலிலேயே ஓசையில்லாமல் வைத்துவிட்டு, வெடி வெடிக்காமல் வீடு திரும்பினார்கள்.

சுவா என்ற சீனக் குலத்தின் கோயிலைச் சுற்றி, முற்றத்தைப் பார்த்தபடி நின்ற வீடுகளில் எல்லாரும் சுவாக்கள்தான். தெருவுக்குப் போக மூன்று சந்துகள் உண்டு. அந்தச் சந்துகளை அடைத்துவிட்டால் ஊரே திரண்டு வந்தாலும் உள்ளே நுழைய முடியாது என்று கிழவர்கள் பெருமை பேசுவார்கள். சியூ கிம் அதை இப்போது வேறு விதமாக யோசித்தாள். உள்ளே வர மூன்றே வழி என்றால், வெளியே போகவும் மூன்றே வழிதான்.

அவள் அந்த மாதங்களில் காதால் வாழ்ந்தாள். முற்றத்தில் எல்லாருக்கும் மரச்செருப்பு. கல்லில் அது டக் டக்கென்று விழுந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தம் இருக்கும்வரை பயமில்லை. தெருவில் லாரிச் சத்தம் கேட்டால் எல்லா மரச்செருப்பும் ஒரே நேரத்தில் நிற்கும்.

அவள் புருஷன் தேக் ஹோ, குலத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார். சீனாவில் ஜப்பானோடு போர் நடந்த வருடங்களில் பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு, போர் நிதிக்காகக் கையில் தகர உண்டியலோடு கடை கடையாக ஏறியவர். ஊரில் யாருக்கும் அந்த உண்டியல் சத்தம் மறந்திருக்காது. ஜப்பான்காரன் வந்ததும் அவரைக் காணவில்லை. மலைக்கு ஓடிவிட்டார் என்று முற்றம் தானாகவே முடிவுகட்டியது. சியூ கிம் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

கோயில் வாசலுக்கு நேர் எதிரே கூத்துமேடை. கூத்து சாமிக்காக ஆடுவது என்பதால் மேடையின் முகம் கோயிலைப் பார்த்திருக்கும். அதன் அடியில், விளக்குச் சட்டங்களும் கிழிந்த முரசுகளும் அடைந்து கிடந்த இருட்டில்தான் தேக் ஹோ இருந்தார். பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் ஓர் இடுக்கு. அதன் வழியே கோயில் வாசல் தெரியும். இது தெரிந்தவர்கள் சியூ கிம்மும், கோயில் பெரியவர் பூன் தெங்கும் மட்டும்.

சாயங்காலம் அவள் மேடையைப் பெருக்கப் போவாள். வாளியில் ஈரத்துணிக்கு அடியில் ஒரு கிண்ணம். மேடையின் பின்பக்கம் தளர்ந்திருந்த ஒரு பலகையை விலக்கி அதை உள்ளே தள்ளுவாள்.

"இன்னைக்கு என்ன?" என்று பலகைக்குப் பின்னாலிருந்து வரும்.

"மரவள்ளிக் கஞ்சி."

"நேத்தும் அதானே."

"நாளைக்கும் அதான். பேசாம குடிங்க."

"இங்க உக்காந்து பாத்தா கோயில்தான் கூத்து மாதிரி தெரியுது, கிம். நம்ம பூன் தெங் பெரியப்பா என்னமா நடக்குறாரு பாரு. ராஜா வேஷம் கட்டலாம்."

அவள் சிரிக்க மாட்டாள். சிரிப்புக்கும் ஓசை உண்டு.

கோயிலின் உள்கூடத்தில் முன்னோர் பெயர்களைச் செதுக்கிய பலகைகள் படிப்படியாக அடுக்கப்பட்டிருந்தன. மூன்றாவது படியில் கிம் போவின் பலகை. தேக் ஹோவின் முதல் மனைவி அவள், பிரசவத்தில் போனவள். பெண்டாட்டி முந்திப் போனால், பலகையில் அவள் பெயரோடு புருஷன் பெயரையும் சேர்த்தே செதுக்கிவிடுவது வழக்கம். உயிரோடிருப்பவன் பெயர் மேல் சிவப்புத் தாள் ஒட்டி மூடுவார்கள். அவன் போகும் நாளில்தான் அது உரியும். அதுவரை அந்தப் பெயர் வெளிச்சம் பார்க்கக்கூடாது.

இரண்டாம் தாரமாக அந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து சியூ கிம் கும்பிட்டது சாமியை அல்ல, அந்தத் தாளை. கோயிலுக்குள் கால் வைத்ததும் கண் முதலில் அங்கேதான் போகும். ஒருமுறை ஒரு மூலை காய்ந்து தூக்கிக்கொண்டு நின்றது. வீட்டுப் பானையிலிருந்து சோற்றுப் பருக்கையை எடுத்துவந்து, நசுக்கி, தானே ஒட்டினாள். தேக் ஹோ அதைக் கேட்டுவிட்டு இரவெல்லாம் சிரித்தார். "ஒரு துண்டுத் தாள்லயா என் உயிர தொங்கவிட்டிருக்க?" என்றார். வேறு எதில் தொங்குகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று காலை கெங் நியோ வந்தாள். சந்து முனையில் கஞ்சி விற்கும் விதவை. வாய் பெரியது, அவள் சிரிப்பு அடுத்த தெருவரை கேட்கும். அவள் மரச்செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வருவதைப் பார்த்ததுமே சியூ கிம் அடுப்பை விட்டு எழுந்துவிட்டாள்.

"ஆச்சே தெருவுல லாரி நிக்குது," என்றாள் கெங் நியோ, குரலே இல்லாமல். "வீடு வீடா ஏறுறானுங்க. தலைல சாக்கைக் கவுத்துக்கிட்டு ஒருத்தன் லாரில உக்காந்திருக்கான். கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. அவன் தலைய ஆட்டினா ஆள் காலி."

"யாரத் தேடுறாங்க, அக்கா?"

"உண்டியல் குலுக்கின வாத்தியாரத்தான். வேற யாரு? கூட ஒரு துபாஷி. தைவான்காரன். நம்ம பாஷையையே பேசுறான். கேக்க இனிமையாத்தான் இருக்கு, நம்பிடாத." அவள் சியூ கிம்மின் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தாள். "உன் ஆளு மலைல எவளோடயோ மரவள்ளி நட்டுக்கிட்டு சொகமா இருப்பான். மாட்டப்போறது நீ. ஆள் ஓடிட்டான்னு தெரிஞ்சா சும்மா போகமாட்டானுங்க. பரணா, கிணறா, மேடையா, ஒண்ணு விடாம ஒடச்சுப் பாப்பானுங்க."

மேடை என்ற சொல் சியூ கிம்மின் நெஞ்சில் விழுந்து அங்கேயே கிடந்தது. அவள் முற்றத்தைக் கடந்து கோயிலுக்குள் போனாள். ஓடவில்லை. ஓடினால் இடுக்கு வழியாக அவர் பார்ப்பார்.

பூன் தெங் எண்ணெய் விளக்கின் திரியை வெட்டிக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

"செத்துட்டாருன்னு சொல்லிடுறேன், பெரியப்பா. குண்டு போட்ட அன்னைக்கே செத்துட்டாருன்னு. செத்தவர எதுக்குத் தேடப்போறாங்க?"

"ஜப்பான்காரன் நம்பலாம். துபாஷி நம்பமாட்டான்." கிழவர் கத்தரிக்கோலை மெல்ல மடக்கினார். "தைவான்ல இருக்கவன் நம்ம சனம்தாம்மா. அவன் வீட்டுலயும் பலகை இருக்கு. செத்தவன் பேர காட்டுன்னு நேரா இங்கதான் வருவான்."

இருவரும் மூன்றாவது படியைப் பார்த்தார்கள். இருட்டில் அந்தச் சிவப்பு மட்டும் தெரிந்தது.

"அப்ப உரிச்சுடலாம்," என்றாள் சியூ கிம். தன் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"உசுரோட இருக்கறவன் பேர உரிக்கறது கொல, கிம்."

"உரிக்கலன்னாலும் கொலதான், பெரியப்பா."

அவர் மேலும் வாதாடவில்லை. பலகைகளுக்கு முன்னால் மண்டியிட்டு, பிறை வடிவத்தில் இருக்கும் இரண்டு மரக்கட்டைகளை நெற்றிவரை தூக்கினார். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு. ஒன்று தட்டையாகவும் ஒன்று வளைவாகவும் விழுந்தால் முன்னோர் சரி என்கிறார்கள். இரண்டும் தட்டையாக மல்லாந்தால் சிரிக்கிறார்கள். இரண்டும் முதுகைக் காட்டிக் கவிழ்ந்தால் கூடாது என்கிறார்கள்.

உதடு அசைந்தது. கட்டைகளைப் போட்டார்.

இரண்டும் கவிழ்ந்து விழுந்தன.

வெளியே முற்றத்தில் மரச்செருப்புகள் நின்றுபோயின. ஒன்றுகூட இல்லை. அந்த அமைதியில் பூன் தெங் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சரின்னுட்டாங்க," என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சரி, பெரியப்பா," என்றாள் அவளும்.

தாள் முதலில் சுலபமாக வந்தது. அந்த ஒரு மூலை மட்டும் வரவில்லை. அவள் ஒட்டிய பருக்கை கல்லாகப் பிடித்திருந்தது. எச்சிலைத் தொட்டு ஊறவைத்து நகத்தால் சுரண்டினாள். ஒவ்வொரு சுரண்டலுக்கும் மேடைப் பக்கமிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று நின்று கேட்டாள். சிவப்பு நகங்களுக்குள் ஏறியது. முழுதும் உரிந்ததும் அவள் கை அப்படியே நின்றது.

அவர் பெயர் பளபளத்தது. செதுக்கிய அன்று பூசிய தங்கம் அப்படியே இருந்தது. பக்கத்தில் கிம் போவின் பெயர் வருடக்கணக்கான ஊதுபத்திப் புகையில் பழுப்பேறி மங்கிக் கிடந்தது. இன்று காலைதான் உரித்தார்கள் என்று கண் தெரியாதவனும் சொல்லிவிடுவான்.

"புகை," என்றார் பூன் தெங்.

அவள் விளக்குக் கண்ணாடியின் கரியை விரலால் வழித்தாள். புருஷன் பெயரின் ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் கரியை அழுத்தித் தேய்த்தாள். அது அவர் முகத்தில் தேய்ப்பது போலவே இருந்தது. கிழவர் அரிசிச் சாக்கிலிருந்து ஒரு துண்டு கிழித்து, துக்கக்காரிக்கு அடையாளமாக அவள் சட்டைக் கையில் குத்திவிட்டார்.

பூட்ஸ் சத்தம் நடுச்சந்தின் வழியாக வந்தது.

அதிகாரி முன்னால் வந்தான். பின்னால் துப்பாக்கிக்காரர்கள். துபாஷி இளைஞன், மூக்குக்கண்ணாடி போட்டவன். கோயில் நிலைப்படிக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றினான். நிலையை மிதிக்காமல் தாண்டினான். சியூ கிம்முக்கு அதுதான் பயமாக இருந்தது. அதிகாரி நிலையை மிதித்துக்கொண்டு வந்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. இவனுக்கு எல்லாம் தெரியும்.

"பெரியவரே, தொந்தரவுக்கு மன்னிக்கணும்," என்றான் துபாஷி. பிறகு அவளைப் பார்த்தான். "வாத்தியார் சம்சாரமா? அவர் எங்கம்மா?"

"இல்லீங்க. குண்டு போட்ட அன்னைக்கே போயிட்டாரு."

"உடம்பு?"

"கிடைக்கல."

முற்றத்தில் வீடுகளிலிருந்து ஆட்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் கெங் நியோ. துபாஷி வாசலிலிருந்தே அவளைக் கேட்டான்.

"ஏம்மா, வாத்தியார் எங்க?"

மலையில் இருக்கிறார் என்று முற்றமெல்லாம் பேசியவள் அவள்தான். சியூ கிம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவனா? குண்டு விழுந்த அன்னைக்கு சந்தைக்குப் போனான், மீன் வாங்கியாறேன்னு," என்றாள் கெங் நியோ. "மீனும் வரல, அவனும் வரல. நல்லதுதான் போங்க. இருந்தவரைக்கும் விடியக்காலைல பாட்டா பாடி யாரையும் தூங்கவிட்டதில்ல."

துபாஷி சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. துபாஷி உள்கூடத்துக்கு வந்து படிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தான். கேட்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது படிக்கு முன்னால் நின்று, ஊர்ப்பிள்ளை போல இரண்டு கையாலும் பலகையை எடுத்தான்.

அவன் வெகுநேரம் படித்தான். பிறகு வலதுகை விரலால் பெயரைத் தடவினான்.

அப்போதுதான் சியூ கிம்முக்குத் தன் பிழை விளங்கியது. ஊதுபத்திப் புகை மரத்தில் காய்ந்து இறுகிவிடும், தடவினால் வராது. விளக்குக் கரியில் எண்ணெய் இருக்கும். சிறுவயதிலிருந்து பலகை துடைத்த எந்தக் கைக்கும் இது தெரியும். அவளுக்கும் தெரியும். பயத்தில் மறந்துபோயிற்று.

துபாஷியின் விரல் நுனி கறுத்திருந்தது. அவன் அதைப் பார்த்தான். அவள் நகங்களைப் பார்த்தான். அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள், அதுவும் தாமதமாகத்தான்.

கூடத்தில் விளக்குத் திரி படபடக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எதிரே மேடை. அந்த இடுக்கின் பின்னால் ஒரு கண். அவர் இப்போது இருமினால் போதும்.

துபாஷி கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தான். மடித்துப் பையில் வைத்தான். பலகையை இருந்த இடத்திலேயே வைத்தான். அதிகாரியிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சுருக்கமாகச் சொன்னான். பிறகு அவளைத் தாண்டும்போது, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"உரிச்சத மறுபடி ஒட்டக்கூடாதுன்னு எங்க ஊர்லயும் சொல்லுவாங்க. ஞாபகம் இருக்கட்டும்."

அது மிரட்டலா இரக்கமா என்று அவளுக்குப் புரியவில்லை. கடைசிவரை புரியவில்லை.

அதிகாரிக்கு வெறுங்கையோடு போக மனமில்லை. சுற்றிப் பார்த்தான். பள்ளிக்கூடத்தைக் கைகாட்டி, அது யாருடையது என்று கேட்டான் போலிருக்கிறது. துபாஷி வாய் திறக்கவில்லை. அதிகாரி மறுபடி கேட்டான். துபாஷி அப்போதும் தரையைப் பார்த்தான். பூன் தெங்குக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் கேள்வி தன்னைப் பற்றியது என்று தெரிந்துகொண்டார். முன்னால் வந்து நின்றார்.

"கோயிலும் பள்ளிக்கூடமும் என் பொறுப்புதான்," என்றார்.

துப்பாக்கிக்காரர்களோடு போவதற்கு முன் சட்டைப் பையிலிருந்து பிறைக்கட்டைகளை எடுத்துப் பூசை மேசையில் வைத்தார். சும்மா வைக்கவில்லை. இரண்டும் முதுகு காட்டிக் கவிழ்ந்திருக்கும்படி, விழுந்தது எப்படியோ அப்படியே வைத்தார். அப்போதுதான் அன்று முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"அரிசிச் சாக்க மூடி வைம்மா. எலி வரும்."

அவர் நிலையைத் தாண்டிப் போனார். லாரிச் சத்தம் ஆச்சே தெருவில் தேய்ந்து மறைந்த பிறகும் முற்றத்தில் ஒரு மரச்செருப்பும் அசையவில்லை.

சாயங்காலம் சியூ கிம் மேடையைப் பெருக்கப் போனாள். பலகையைத் தட்டினாள். பதில் வரவில்லை. மறுபடி தட்டினாள். தன் கையால் உரித்த பெயர் கண்ணுக்குள் வந்தது.

"நான் பாத்தேன்," என்று வெகுநேரம் கழித்து வந்தது குரல்.

"கஞ்சி குடிங்க."

"என்னைத் தேடி வந்தாங்க. அவரக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் வெளிய வந்துடுறேன், கிம். நானே போய் நிக்கிறேன்."

"முடியாது."

"ஏன் முடியாது?"

"நீங்க செத்துட்டீங்க. இப்ப எந்திரிச்சுப் போனா, செத்தாருன்னு சொன்ன நானு, கெங் நியோ அக்கா, இந்த முற்றம் பூரா செத்துரும். அவரையும் விடப்போறதில்ல." அவள் கிண்ணத்தை உள்ளே தள்ளினாள். "கையக் குடுங்க."

தளர்ந்த பலகையின் வழியே நீண்ட கையைப் பிடித்து நாடியைப் பார்த்தாள். சூடாக இருந்தது. அன்றிலிருந்து தினமும் பார்த்தாள். காய்ச்சல் வந்தால் உரித்த அந்தப் பெயர் அவரை இழுக்கிறது என்று நினைத்தாள். கை ஜில்லென்றிருந்தாலும் அதையே நினைத்தாள். முதலில் தேக் ஹோ கேலி செய்தார். பிறகு அவரே, அவள் கேட்பதற்கு முன்னால், மௌனமாகக் கையை நீட்டத் தொடங்கினார். அதுதான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாக நடுங்கவைத்தது.

துபாஷி மறுபடி வந்தான். தனியாக, அமாவாசையன்று, பகலில். நிலையைத் தாண்டி வந்து, மூன்றாவது படிக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றி, தேக் ஹோவின் பெயருக்குக் குனிந்து கும்பிட்டான். திரும்பிப் போகும்போது மேடையை ஒருமுறை நிதானமாகப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த அமாவாசைக்கும் வந்தான். இறந்தவன் இறந்தவனாகவே இருக்கிறானா என்று பார்க்க வருகிறானா, புகை ஏறட்டும் என்று வருகிறானா? அவன் ஏற்றிய ஊதுபத்தியை அணைக்கவும் அவளுக்குப் பயம், எரியவிடவும் பயம். எரியவிட்டாள். கோட்டுக்குள் இருந்த கரியின் மேல் உண்மையான புகை படிந்தது. அதனால்தான் அந்தப் பெயர் இன்றும் கூடுதல் கறுப்பு.

போர் முடியும் வருடத்தில் துபாஷியை வேறு எங்கோ மாற்றினார்கள். அவன் பெயரை யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பூன் தெங் திரும்பவில்லை. உடலும் வரவில்லை. அவர் மனைவியின் பலகையில் அவர் பெயர் மேல் சிவப்புத் தாள் அப்படியே இருந்தது. தொடுவதற்கு யாருக்கும் துணிவில்லை. ஜப்பான்காரன் போன மறுவருடம் சியூ கிம் மண்டியிட்டுக் கட்டைகளைப் போட்டாள். ஒன்று தட்டை, ஒன்று வளைவு. ஈரத்துணியால் ஊறவைத்து, நகம் படாமல், அவளே உரித்தாள்.

போர் முடிந்து தேக் ஹோ வெளியே வந்தபோது அவருக்கு வெளிச்சத்தில் நிற்கத் தெரியவில்லை. முற்றத்தில் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கெங் நியோ மட்டும் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். "அன்னைக்கே தெரியும் எனக்கு. பெருக்குற வாளில கஞ்சி வாசம் வந்தா கஞ்சிக்காரிக்குத் தெரியாதா?" என்றாள். அவள் சந்து முனையிலேயே கஞ்சி விற்று, முதுமையில், தூக்கத்தில் போனாள்.

தேக் ஹோவும் சியூ கிம்மும் தைப்பிங்குக்குக் குடிபோனார்கள். அவர் அங்கே இருபது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடம் நடத்தினார். குலக்கோயிலுக்குள் மட்டும் மறுபடி கால் வைக்கவில்லை. சியூ கிம்தான் பண்டிகைதோறும் முற்றத்துக்கு வந்து போனாள். சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் இறந்தார். செய்தி பினாங்குக்கு வந்தபோது கோயிலில் செய்வதற்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை.

சியூ கிம் அவருக்குப் பின் ஒன்பது வருடம் இருந்தாள். அவள் பெயர் அதே பலகையில், இடப்பக்கம் இருக்கிறது. அதை முன்கூட்டியே செதுக்கவோ தாள் ஒட்டவோ கூடாது என்று சொல்லிவைத்திருந்தாள். அப்படியே செய்தார்கள்.